தம்பி எடுத்த பிடில்

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 3

சென்ற வாரம் முத்துசுவாமி தீட்சிதரைத் திருத்தணி மலையில் கண்மூடி உட்காரவைத்துவிட்டு முடித்திருந்தேன். எதிரே யாரோ ஒரு முதியவர் வந்து நிற்கிறார். "வாயைத் திற" என்கிறார். அதற்கு மேல்?

வாயைத் திறந்தார். நாக்கில் ஏதோ விழுந்தது. கற்கண்டு. கண்ணை விழித்துப் பார்த்தால் முதியவர் இல்லை. இனிப்பு மட்டும் இருக்கிறது. வந்தவன் முருகனே என்று தீட்சிதர் குடும்பம் நம்பியது, இன்றைக்கும் கர்நாடக இசை உலகம் நம்புகிறது. அந்த இனிப்பு கரைவதற்குள் மாயாமாளவகௌளை ராகத்தில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பிறந்தது. இசை கற்க வரும் குழந்தைக்கு முதல் பாடமாகச் சொல்லித்தரும் அதே ராகம். அதைத் தொடர்ந்து வேற்றுமை எட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கீர்த்தனைகள். 'குருகுஹ' என்ற முத்திரை அன்று விழுந்தது. ஆயுள் முழுக்க அழியவில்லை.

காசியில் சில ஆண்டுகளைச் சிதம்பரநாத யோகியோடு கழித்துவிட்டுத் திரும்பியவர் அவர். மணலியில் தந்தை இருந்தார், தம்பிகள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த மகன் சும்மா இருக்கவில்லை. முருகனைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்த மலையிலிருந்து அவர் இறங்கியபோது நமக்கு ஒரு வாக்கேயக்காரர் கிடைத்தார்.

ஆனால் இந்தத் தொடர் அண்ணனைப் பற்றியது இல்லை. கற்கண்டு யாராலும் ஊட்டப்படாத, எந்தக் கோபுரத்தடியிலும் அற்புதம் நிகழாத ஒரு தம்பியைப் பற்றியது. அவரைப் பற்றி யோசிக்க நான் போய் நிற்கும் இடம் திருத்தணி மலை உச்சி இல்லை. அதற்குச் சற்று முன்னால், திருப்பதி நெடுஞ்சாலையில், கனகம்மாசத்திரம்.

✱

சென்னையிலிருந்து திருப்பதி போகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஊர்ப்பெயரைப் பலகையில் படித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். திருவள்ளூர் தாண்டியாயிற்று, திருத்தணி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இறங்கி டீக்கடையில் நின்றால் கதை வேறு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். தெலுங்கில் கேட்டால் தமிழில் சில்லறை வரும். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி. போராடிய கதையை இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். எல்லைக்கோடு நகர்ந்தது. நாக்கு இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஊர்ப்பெயரில் ஒரு பெண்ணும் இருக்கிறாள், ஒரு சத்திரமும் இருக்கிறது. ரயில் வருவதற்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர்களுக்கு வழித்துணை சத்திரங்கள்தான். மாட்டு வண்டியை அவிழ்த்துவிட்டு, கிணற்றில் கை கால் கழுவி, திண்ணையில் படுத்து, விடியற்காலையில் மறுபடி நுகத்தடி பூட்டுவார்கள். மேற்கே திருத்தணி, அதையும் தாண்டித் திருப்பதி. தெற்கே சற்றுத் திரும்பினால் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த திருவாலங்காடு. பாட்டோடு வருகிறவர்களின் பாதை இது.

தீட்சிதர் குடும்பத்துக்கும் இந்தத் திசை புதிதில்லை. நடுமகன் சின்னசாமிக்குக் கண்பார்வை மங்கியபோது தந்தை ராமசாமி தீட்சிதர் திருப்பதிக்குக் குடும்பத்தோடு போய், வேங்கடவன் மேல் ஒரு நீண்ட ராகமாலிகை பாடி வேண்டினார் என்பது அவர்கள் வீட்டுக் கதை. பார்வை திரும்பியது என்றும் கதை முடிகிறது. அப்போது கூட வந்த சின்னப் பையன் என்ன பார்த்தான், எதைக் கேட்டான்? அவன் பெயர் பாலுசாமி. 1786இல் பிறந்தவன். மூத்தவருக்கும் அவனுக்கும் பத்துப் பதினோரு வயது வித்தியாசம்.

அண்ணன் காசியிலிருந்து கங்கை தந்த வீணையோடு வந்தார். தம்பியின் மடிக்கு வந்த வாத்தியம் கங்கையிலிருந்து வரவில்லை. அது கடல் தாண்டி வந்தது. குதிரை வாலில் செய்த வில், நாலே தந்தி, மெட்டு என்று ஒன்றுகூட இல்லாத மொட்டைக் கழுத்து. அந்த மரப்பெட்டியை ஒரு வைதிகக் குடும்பத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தது யார்?

✱

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரை ஒட்டி, மணலி. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டில் அது இசை கேட்கிற வீடு இருந்த ஊர்.

மணலி முத்துகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். கவர்னர் பிகட்டுக்கு மிக நெருக்கமானவர். கோட்டைப் பாதுகாப்புக்காக இடிக்கப்பட்ட பழைய பட்டணம் கோயிலுக்குப் பதிலாக இன்று பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்னகேசவர், சென்ன மல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள் எழுந்ததில் அவர் கை பெரிது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைக்கு ஆதரவு தந்தவரும் அவரே. பணம் சேர்த்த துபாஷிகள் அன்றைய சென்னையில் பலர். அந்தப் பணம் பாட்டின் பக்கம் திரும்பிய வீடுகள் சிலவே.

அந்த வீட்டுக்குத்தான் திருவாரூரிலிருந்து ராமசாமி தீட்சிதர் அழைத்துவரப்பட்டார். ஹம்சத்வனி ராகத்தைத் தந்தவர் என்று சொன்னாலே போதும், அவர் யார் என்று தெரிந்துவிடும். எந்தக் கச்சேரியிலும் பிள்ளையாருக்கு முதல் பாட்டு என்றால் அந்த ராகம்தானே முதலில் நினைவுக்கு வருகிறது! 108 ராகங்களையும் 108 தாளங்களையும் ஒரே மாலையாகக் கோத்தவர் அவர். அதில் 61 பகுதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மிச்சம் காற்றோடு போயிற்று. எழுதிவைக்க ஆள் இல்லாத பாட்டு என்ன ஆகும் என்பதை அந்தக் குடும்பம் அன்றே கண்டது. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடரின் கடைசி வரை இது கூட வரும்.

முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார். சின்னையா முதலியார் என்று வீட்டில் சொல்வார்கள். இவரும் கோட்டையோடு தொடர்புள்ளவர். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போகும்போது தீட்சிதர் சகோதரர்களையும் கூட அழைத்துப் போனார். அங்கே ஐரோப்பியர்களின் பேண்டு வாசிக்கும்.

அந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பஞ்சகச்சம், குடுமி, காதில் கடுக்கன். எதிரே சிவப்புச் சட்டைக்காரர்கள், பித்தளைக் குழல்கள், பெரிய முரசு. காதை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். மிலேச்சர் சத்தம் என்று குளித்துவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். அன்றைய காலத்தில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்கள் நின்று கேட்டார்கள்.

கேட்டதும் முதலில் பிடிபட்டிருக்க வேண்டியது, அந்த மெட்டுகளில் பல நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் நிற்கின்றன என்பது. கமகம் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் படிக்கட்டுபோல் தனித்தனியாக நிற்கும். ஆனால் படிக்கட்டு நம் வீட்டுப் படிக்கட்டு. மூத்தவர் அந்த மெட்டுகளை எடுத்து அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் வைத்தார். நொட்டு ஸ்வர சாகித்யங்கள் என்று கிட்டத்தட்ட நாற்பது இன்று கிடைக்கின்றன. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டில் அமைந்த 'ஸந்ததம் பாஹிமாம்' அவற்றில் ஒன்று. கோட்டையில் அரசருக்காக எழுந்து நின்று வாசித்த மெட்டு, தீட்சிதர் கையில் தெய்வத்தின் முன்னால் போய் அமர்ந்துவிட்டது. இப்போது பாட்டு வகுப்புகளில் குழந்தைகளுக்கு இவற்றைச் சொல்லித்தருகிறார்கள்.

அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டார். தம்பியின் கண் மெட்டில் நிற்கவில்லை. மெட்டை எழுப்பிய கருவியின் மேல் போயிற்று. முதலியார் அதைக் கவனித்தார். ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரை அமர்த்தி, பாலுசாமிக்குப் பிடில் சொல்லித்தர ஏற்பாடு செய்தார்.

மூன்று ஆண்டு. பாலுசாமியின் பேரரான சுப்பராம தீட்சிதர் பிற்காலத்தில் தம் குடும்ப வரலாற்றை எழுதும்போது இந்தக் காலக்கணக்கைத் தருகிறார். கர்நாடக சங்கீதத்தின் பக்க வாத்தியத்தைத் தீர்மானித்த மூன்று ஆண்டு அது. அந்த மூன்று ஆண்டும் முடிந்தபோது பாலுசாமிக்குக் கையில் ஒரு வாத்தியம் இருந்தது. ஆனால் அது அவர் வீட்டுப் பாஷையில் ஒரு வார்த்தை பேசாது.

✱

இங்கே சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். பாலுசாமியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். கொண்டுவருவது என்றால் கப்பலில் வந்ததை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது போலவா? கொண்டுவந்தது கும்பினிக் கப்பல். பாலுசாமி செய்தது வேறு வேலை.

ஐரோப்பாவில் அந்த வாத்தியத்தின் இன்றைய வடிவம் 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அமைந்தது. கிரெமோனா என்ற ஊரின் தச்சர்கள் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள். நின்றுகொண்டு, தோளுக்கும் தாடைக்கும் நடுவே பிடித்து, கையை நீட்டி வாசிப்பார்கள். நாலு தந்தி. ஒவ்வொரு தந்தியும் அடுத்ததற்குப் பஞ்சமத்தில் நிற்கும். முதல் தந்தி ஸட்ஜம் என்றால் இரண்டாவது பஞ்சமம். அந்தப் பஞ்சமத்தை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் மூன்றாவது அதற்குப் பஞ்சமம். இப்படி ஏறிக்கொண்டே போகும். இந்த ஏற்பாட்டில் எந்த ஸ்வரத்தையும் ஆதாரமாக்கிக்கொண்டு வாசிக்கலாம். அவர்கள் இசைக்கு அது வேண்டும். பாட்டின் நடுவில் ஆதார சுருதியே இடம் மாறும் இசை அவர்களுடையது.

நம் பாட்டில் ஸட்ஜம் மாறாது. தம்புரா ஒருமுறை மீட்டினால் கச்சேரி முடியும் வரை அதுதான் தரை. அந்தத் தரையில் நிற்க, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கட்ட வேண்டும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஐந்து, பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு நாலு, மறுபடி ஐந்து. பிருடையை இரண்டு திருகு திருகினால் வந்துவிடும் மாற்றம்தானே என்று தோன்றும். வாசித்துப் பழகியவர்களைக் கேளுங்கள். தந்தி மாறினால் விரல் கணக்கு எல்லாம் மாறும். மூன்று ஆண்டு வெள்ளைக்காரரிடம் விரலுக்கு ஏற்றிய பழக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அடுத்தது உட்காருவது. இன்று நம் வித்வான்கள் சம்மணமிட்டு அமர்ந்து, வாத்தியத்தின் தலையை வலது கணுக்காலில் நிறுத்தி, மறுமுனையை மார்போடு சாய்த்துக்கொள்கிறார்கள். பார்க்க எளிது. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நின்று வாசிப்பவரின் இடது கை வாத்தியத்தைத் தாங்கவும் வேண்டும், ஸ்வரம் பிடிக்கவும் வேண்டும். கணுக்காலும் மார்பும் சுமையை எடுத்துக்கொண்டால் இடது கை முழு விடுதலை பெறும். தந்தியின் மேலும் கீழும் இஷ்டம்போல் வழுக்கிப் போகலாம். வழுக்காமல் நம் கமகம் ஏது? தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் உட்காராது, ஆடிக்கொண்டேதான் இருக்கும். பைரவியை அசைக்காமல் வாசித்தால் அதைப் பைரவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பாலுசாமிக்கு ஒரு பலம் இருந்தது. அவர் பிடிலைத் தொடும் முன்பே வீணைக்காரர். தந்தை வழியாக வேங்கடமகி சம்பிரதாயம் அவர் விரலில் ஊறியிருந்தது. மிருதங்கமும் தெரியும். வீணைக்கு 24 மெட்டுகள். அதில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அசைவு கொடுக்க முடியும். மீட்டிய நாதம் சற்று நேரத்தில் தேய்ந்தும் போகும். பிடிலின் மொட்டைக் கழுத்தில் தடுக்க மெட்டே இல்லை. வில் ஓடும் வரை நாதம் நிற்கும், பாடுகிறவரின் மூச்சைப் போல. ஐரோப்பியர் செய்து அனுப்பிய பெட்டியில் நம் வாய்ப்பாட்டுக்கு வேண்டிய இரண்டும் இருந்தன: நீளும் நாதம், வழுக்கும் பாதை. அவர்கள் அந்தப் பாதையை ஓரளவே பயன்படுத்தினார்கள். அதில் முழுக்க நடக்கலாம் என்று ஒரு வீணைக்காரரின் காதுக்குத் தெரிந்தது.

கோட்டை பேண்டில் குழல்களும் இருந்தன. துபாஷி வீடுகளின் கூடத்தில் வேறு ஐரோப்பிய வாத்தியங்களும் வந்து அலங்காரமாக நின்றிருக்கும். அவை எல்லாம் நம் பாட்டுக்குள் வந்துவிடவில்லை. பிடில் வந்தது, உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. வீணை பக்க வாத்தியமாக இருந்த இடத்தை அது அடுத்த நூறு ஆண்டுகளில் எடுத்துக்கொண்டது. இன்று ஒரு பாட்டுக் கச்சேரி மேடையை வயலின் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இன்னும் ஒன்று. பாலுசாமி திறந்த கதவு வழியாக வயலின் குடும்பத்தின் மற்றொரு வாத்தியமும் வந்தது. வயலினுக்கு அக்கா முறையான வியோலா. உடம்பு சற்றுப் பெரிது. தந்திகள் வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே நிற்கும். குரலில் கூர்மை குறைவு, கனம் அதிகம். ஐரோப்பிய இசைக்குழுவிலேயே நடுவில் உட்கார்ந்து, மெல்லிய குரலுக்கும் தடித்த குரலுக்கும் பாலமாக இருந்துவிடும் வாத்தியம் அது. தனி மேடை கிடைப்பது அரிது. நம் ஊரில் அதை எடுத்து வாசித்தவர் பாலமுரளிகிருஷ்ணா. எட்டு வயதில் விஜயவாடாவில் பாடி அரங்கேறியவர், தியாகராஜர் சீடர் பரம்பரையில் பாருபல்லி ராமகிருஷ்ணய்யாவிடம் கற்றவர். பாட்டுக்கு நடுவே வயலின், மிருதங்கம், கஞ்சிரா என்று எதையும் தொடாமல் விடவில்லை. அவர் வியோலா வாசித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த அடிக்குரல் ஆண் குரலுக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்று. பாலுசாமி மணலியில் தேடிய குரல் அதுவாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. ஆசை என்று சொல்லியே எழுதுகிறேன்.

மணலியில் ஒருவர் மடியில் இருந்த வாத்தியம் மாகாணம் முழுக்க எப்படிப் பரவியது? வேறு கைகளும் அதைத் தொட்டன. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு முத்துசுவாமி தீட்சிதரின் சீடர். பிடிலில் மிகத் தேர்ந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்கு யானைத் தந்தத்தில் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். முதல் தலைமுறை முடிவதற்குள்ளேயே அது அரசர் கையால் பெறும் பொருளாகிவிட்டது. சரபோஜியின் தஞ்சையிலும் மேல்நாட்டு இசைக்கு இடம் இருந்தது. அந்தக் கிளைகளை எல்லாம் பின்னொரு வாரம் பார்ப்போம்.

இப்போது நாம் பாலுசாமியோடு போக வேண்டும். ஏனென்றால் மணலியில் அவர் நிலைக்கவில்லை. குடும்பம் திருவாரூருக்குத் திரும்பியது. 1817இல் தந்தை மறைந்தார். வீட்டின் மூத்த மரம் விழுந்ததும் கிளைகள் வேறு வேறு திசையில் போயின. அடுத்து யார்?

✱

சின்னசாமியும் பாலுசாமியும் ஒன்றாகவே இருந்தார்கள். பிழைப்பு தேடித் தெற்கே போனார்கள். அண்ணன் பாட, தம்பி வாசிக்க, மதுரை வரை போனது அந்தப் பயணம். மதுரையில் சின்னசாமி இறந்துபோனார்.

சேர்ந்து பாடியவர் போய்விட்டால் பக்கத்தில் வாசித்தவருக்கு என்ன மிச்சம்? பக்க வாத்தியக்காரரின் துக்கம் தனி வகை. அவர் கை இத்தனை காலம் இன்னொருவரின் மூச்சுக்குக் காத்திருந்து பழகிய கை. அடுத்த சங்கதி எங்கே திரும்பும் என்று கேட்டுக் கேட்டுப் பின்னால் போன கை. திடீரென்று முன்னால் யாரும் இல்லை. அந்த நாட்களில் பாலுசாமி ராமேசுவரத்துக்குப் போனார் என்கிறார்கள். யாத்திரை முடிந்து திரும்பும் வழியில் எட்டயபுரம் அவரை நிறுத்திக்கொண்டது.

கரிசல் மண். தாமிரபரணி எட்டாத வறண்ட சீமை. ஆனால் அந்தச் சிறிய ஜமீனின் அரசர்களுக்குச் சங்கீதம் என்றால் உயிர். சிலர் தாங்களே பாட்டு இயற்றினார்கள். பாலுசாமியை ஆஸ்தான வித்வானாக்கி, வீடு கொடுத்து, திருமணமும் தாங்களே முன்னின்று நடத்த ஏற்பாடு செய்தார்கள். வடக்கே சோழநாட்டில் இருந்த முத்துசுவாமிக்கு அந்தச் செய்தி எட்டியது. ஒரு தம்பியை இழந்தவர், மிஞ்சிய தம்பியைப் பார்க்கக் கிளம்பினார்.

சாத்தூர்ப் பக்கம் பயிர் கருகிக் கிடப்பதைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் அவர் பாட, மழை கொட்டிய கதை எல்லோரும் அறிந்தது. எட்டயபுரத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்கள். எத்தனை ஆண்டுப் பிரிவு! ஒருவர் மடியில் காசி வீணை, மற்றவர் கணுக்காலில் கோட்டையிலிருந்து வந்த பிடில். இருவரும் சேர்ந்து உட்கார்ந்த அந்த மாலைகளை எழுதிவைக்க ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

1835. ஐப்பசி மாதத்து நரக சதுர்த்தசி. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்தியிருக்கும் நாள். சீடர்களை மீனாட்சி மேல் பூர்விகல்யாணிக் கீர்த்தனையைப் பாடச் சொல்லிக் கேட்டபடியே முத்துசுவாமி தீட்சிதர் உயிர் விட்டார். எட்டயபுரம் அட்டக்குளத்தங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. திருத்தணியில் கற்கண்டில் தொடங்கியது அங்கே அடங்கியது.

மூவரில் பாலுசாமி மட்டும் மிஞ்சினார். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. அவர் தலையில் மூன்று பேரின் சங்கீதம் இருந்தது: தந்தை கட்டிய தானங்கள், அண்ணன் செய்த நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள், மதுரையில் போன சின்னசாமியோடு சேர்ந்து பழகிய பாணி. அண்ணனின் பல கீர்த்தனைகளுக்கு அவர் சிட்டைஸ்வரம் அமைத்தார். அரசர்கள் மேல் தரு வகைப் பாடல்களும் செய்தார். ஆனால் ராமசாமி தீட்சிதரின் 108இல் 47 போனது மாதிரி இதுவும் போய்விடாமல் இருக்க வேண்டுமே! தலையிலிருந்து இன்னொரு தலைக்கு இறக்க வேண்டும். ஆண் பிள்ளை இல்லை. திருவாரூரில் மகள் அன்னபூரணியின் குடும்பம். 1839இல் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான்.

பாலுசாமி அந்தப் பேரனைத் தமக்கே மகனாக சுவீகாரம் எடுத்து எட்டயபுரத்துக்கு அழைத்துவந்தார். சுப்பராமன். அன்றிலிருந்து பாலுசாமியின் வாழ்க்கையில் வித்வான் பின்னால் போனார், வாத்தியார் முன்னால் வந்தார். வீணை, வாய்ப்பாட்டு, சம்ஸ்கிருதம், தெலுங்கு. பெரியப்பா முத்துசுவாமியின் ஒவ்வொரு கீர்த்தனையும் எந்த இடத்தில் அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று விரல் விரலாக. ஒரு கோட்டை வாத்தியக்காரரிடம் மூன்று ஆண்டு மாணவராக இருந்தவருக்குத் தெரியும், கற்கிறவனின் கை எங்கே தடுமாறும் என்று.

பையனுக்குப் பதினேழு வயது. முருகன் மேல் தர்பார் ராகத்தில், அட தாளத்தில் ஒரு தான வர்ணம் செய்து அரசர் முன்னிலையில் பாடினான். தர்பாரைக் கையாள்வது பெரியவர்களுக்கே சிரமம். சற்று இடறினால் நாயகியின் வீட்டு வாசலில் போய் நிற்கும். இவன் இடறவில்லை. சபை திகைத்தது. அரசரின் முகம் மலர்ந்தது.

மலர்ந்த முகத்தில் ஒரு சந்தேகமும் விழுந்தது. பதினேழு வயதில் இப்படி ஒரு வர்ணமா? இது பையன் கட்டியதா, பாலுசாமி கட்டிக் கொடுத்ததா?

எழுபது வயது வாத்தியாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 'நான் செய்யவில்லை' என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆமென்றால் பையன் பொய்யனாகிவிடுவான். ஒரு ஆசிரியர் எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரோ அவ்வளவு சந்தேகம் மாணவன் மேல் விழும் விசித்திரமான கணம் அது.

அரசர் ஒரு வழி கண்டார். யமுனா ராகத்தில் ஒரு ஜதிஸ்வரம் செய்ய வேண்டும், சபையின் கண்ணெதிரே, பாலுசாமியின் துணை இல்லாமல்.

சபை அடங்கியது. வீட்டில் இத்தனை ஆண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, தவறினால் உடனே விரலைத் திருத்திய பெரியவர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். பையன் ஒருமுறை அவரைப் பார்த்தான். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சுப்பராமன் வாயைத் திறந்தான்.

(தொடரும்)